கூர் மூலை

"கார்டுல எல்லாம் சரியா சொல்றான் மேடம். நேத்து நான் அழுதப்போ, 'மூக்குல தண்ணி வருதும்மா'ன்னு துண்டு எடுத்துக் குடுத்தான். இது அவனுக்குப் புரிஞ்ச கணக்கா, புரியாத கணக்கா?"

ஆட்டிசம் உள்ள அவர் மகனுக்கு, முகப்படம் போட்ட அட்டைகளைக் காட்டி உணர்ச்சிகளின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். அந்த அம்மா குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 'சோகத்தை அடையாளம் காணுதல்: இலக்கை அடைந்தான்' என்று ரிப்போர்ட்டில் எழுதி முடித்திருந்த நேரம். பத்துக்கு ஒன்பது, தொடர்ந்து மூன்று அமர்வுகள். நாங்கள் வைத்திருந்த அளவு 80 சதவீதம்தான். "கார்டு வேற, வீடு வேறம்மா. போகப் போக வரும்" என்றேன். பொய்யான பதில் இல்லை. ஆனாலும் அன்று மாலை அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன்.

அழுகிற முகங்கள் மட்டும் பிறகு பிரிண்ட் போட்டவை. அவற்றின் லேமினேஷன் மூலை கூர். மற்றவை வட்டமாக வெட்டியவை. பதில் சொல்லும் முன் பையன் கட்டைவிரலால் மூலையைத் தடவுவான். அதைக் கைப்பழக்கம் என்று விட்டிருந்தேன். தடவ மூலையே இல்லாதபடி அதே படங்களை டேப்லெட்டில் காட்டியபோது பத்துக்கு நான்கு.

1987-லேயே வீக்ஸ், ஹாப்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு நெருக்கமான ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். முகபாவத்திலும் தொப்பியிலும் வேறுபட்ட படங்களைப் பிரிக்கச் சொன்னால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் முதலில் தொப்பியை வைத்துப் பிரித்தார்கள். இதைப் படித்திருந்தும் மூலை என் கண்ணில் படவில்லை.

இப்போது ஓர் உணர்ச்சிக்குக் குறைந்தது ஆறு முகம்: ஆண், பெண், வயதானவர், குழந்தை, கண்ணாடி போட்டவர், தாடி வைத்தவர். எல்லாம் ஒரே அளவு, ஒரே பின்னணி, ஒரே நாளில் ஒரே கடையில் லேமினேஷன். அதில் இரண்டு முகங்களைக் கற்பிக்கும்போது எடுப்பதே இல்லை, அவை சோதிப்பதற்கு. அட்டைக்காக வாயைப் பிதுக்கி அழுகிறவர்களை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை என்பதால் லேசான சோகமும் வேண்டும். அடுத்தது சத்தம் இல்லாத மூன்று விநாடி வீடியோ.

பிள்ளை எதைப் பார்த்துச் சொல்கிறது என்று அறிய, முகத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் மாற்றி மாற்றித் தாளால் மறைத்தாலே போதும். வாயை மட்டும் பார்த்தாலும் மகிழ்ச்சி பிடிபட்டுவிடும். பயமும் வியப்பும்தான் குழப்பும். இரண்டிலும் கண் விரியும், வாய் திறக்கும். பயத்தில் புருவங்கள் உயர்ந்து ஒன்றையொன்று நெருங்கும், உதடு பக்கவாட்டில் இழுபடும். வியப்பில் புருவம் உயர்வதோடு சரி, தாடை தொங்கும். ஆட்டிசம் இல்லாதவர்களும் தடுமாறுகிற இடம் இது. இதற்காக "கண்ணைப் பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவது கூடாது. கண்ணைப் பார்ப்பதே வேதனை என்று வளர்ந்தபின் சொன்னவர்கள் உண்டு.

இத்தனை சரிசெய்தும் அந்த அம்மாவின் கேள்விக்கு இது பதிலா என்பதில் சந்தேகம் இருக்கிறது. பெயர் சொல்வதைத்தான் அளந்தோம். தன் உணர்ச்சிக்கே பெயர் வைக்க முடியாத நிலை அலெக்சிதைமியா. முகம் வாசிப்பதில் வரும் சிக்கலுக்கு ஆட்டிசத்தைவிட, அதனுடன் பலருக்குச் சேர்ந்து வரும் இதுவே காரணமாகலாம் என்று பேர்ட், குக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013-ல் வாதிட்டார்கள். அப்படியானால் அட்டையை மட்டும் மாற்றி என்ன பயன்? அதே சமயம், அட்டையே வேண்டாம் என்று தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. அதில் தொடங்கித்தான் சில பிள்ளைகள் "அம்மா கோவமா?" என்று கேட்கவாவது செய்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் 'அடைந்தான்' என்பதை நான் அடிக்கவில்லை. முன்னால் 'அட்டையில்' என்று சேர்த்தேன். டேப்லெட்டில் வந்த நான்கைப் பார்த்தபின் அதுவும் முழு உண்மை இல்லை.

மூக்கில் தண்ணீர் என்றுதான் சொன்னான், சரி. ஆனால் துண்டை எடுத்துக்கொண்டு வந்தானே. நீட்டும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று அந்த அம்மாவிடம் நான் கேட்கவேயில்லை.