போட்டது 6.6, வந்தது 6.1

புதிதாக மாட்டிய வைஃபை கார்டை என் டெபியன் 12 (ஒரு லினக்ஸ் இயக்குதளம்) கண்டுகொள்ளவே இல்லை. அதற்கான டிரைவர் லினக்ஸ் 6.2-இல்தான் சேர்ந்தது, டெபியன் 12-உடன் வரும் கெர்னலோ (லினக்ஸின் மையப் பகுதி) 6.1. சரி, புதிய பதிப்புகள் கிடைக்கும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து 6.6-ஐப் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். பொதிகளை நிறுவும் ஆப்ட் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல் நிறுவி முடித்தது. ரீபூட் செய்துவிட்டு ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம் மைனஸ் ஆர்' அடித்தால் 6.1.0-18 என்று வருகிறது.

பூட் அடைவில் 6.6-இன் விஎம்லினஸ் கோப்பு, அதாவது கெர்னலே, இருந்தது. பூட்டின் தொடக்கத்தில் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் இருந்தது. கெர்னலை ஏற்றும் பூட்லோடரான க்ரப்பின் மெனுவைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-க்ரப்' ஓட்டினால் 6.6-ஐக் கண்டுபிடித்ததாகவே சொன்னது. க்ரப் அமைப்பில் பழைய தேர்வு எதுவும் சேமிக்கப்பட்டிருக்கிறதோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. ஒரு மாலைப் பொழுது முழுக்க இதிலேயே போனது. இரண்டு முறை கெர்னலை நீக்கி மறுபடி நிறுவினேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன்: பூட் ஆகும்போது க்ரப் மெனுவை நிறுத்திப் பார்த்தேன். அதில் 6.6 என்ற வரியே இல்லை. அப்படியென்றால் நான் மாற்றும் கோப்பை க்ரப் படிக்கவே இல்லையா? உறுதி செய்ய மெனுவின் காத்திருப்பு நேரத்தை 5 நொடியிலிருந்து 15 ஆக்கி, அப்டேட்-க்ரப் ஓட்டி, ரீபூட் செய்தேன். 5 நொடியிலேயே கிளம்பிவிட்டது. கெர்னலின் மேல் இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளையிடம் பூட் அடைவைப் பற்றிக் கேட்டேன். பதிலே இல்லை. அதாவது அங்கே எந்தப் பார்ட்டிஷனும் மவுண்ட் ஆகவில்லை (இணைக்கப்படவில்லை). அப்போதுதான் பொறி தட்டியது. சில வாரங்களுக்கு முன், ரூட்டை (முதன்மைப் பார்ட்டிஷனை) பின்னால் என்க்ரிப்ட் செய்யும் எண்ணத்தில், பூட் கோப்புகளைத் தனிப் பார்ட்டிஷனுக்கு நகலெடுத்து, க்ரப்பையும் அங்கிருந்தே நிறுவியிருந்தேன். பழைய கோப்புகளை அழிக்கவில்லை. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்தப் பார்ட்டிஷனின் அடையாளக் குறியீடான யுயுஐடியை எழுதும்போது ஓர் எழுத்தை மாற்றி அடித்திருக்கிறேன். போதாக்குறைக்கு 'நோஃபெயில்' என்றும் சேர்த்து வைத்திருந்தேன். மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் நிற்காது. பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி பின்னணியில் காத்துவிட்டு விட்டுவிடும். ஜர்னல் பதிவில் ஒவ்வொரு பூட்டுக்கும் இந்தத் தோல்வியைச் சொல்லும் வரி இருந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை.

ஆக, ஆப்ட் எழுதியது ரூட்டுக்குள் கிடந்த பழைய பூட் அடைவில். க்ரப் படித்தது தனிப் பார்ட்டிஷனில்.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. 'பிஎல்கேஐடி' காட்டிய யுயுஐடியை, இந்த முறை கையால் அடிக்காமல், நகலெடுத்து ஒட்டினேன். மவுண்ட் செய்வதற்கு முன்பே ரூட்டில் இருந்த பழைய பூட் கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தினேன். மவுண்ட் ஆகிவிட்டால் அவை அடியில் மறைந்துபோய் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். பிறகு மவுண்ட் செய்து, 6.6 பொதியை மறுநிறுவல் செய்து, அப்டேட்-க்ரப் ஓட்டினேன். ரீபூட். மெனு 15 நொடி காத்திருந்தது. அதைப் பார்த்ததுமே யூநேம் என்ன சொல்லும் என்று தெரிந்துவிட்டது. வைஃபையும் வந்தது.

நோஃபெயிலை எடுத்துவிட்டேன். இனி பூட் பார்ட்டிஷன் கிடைக்காவிட்டால் கணினி எமர்ஜென்சி மோடில் நின்று கத்தட்டும்.