உடற்கூறியலைக் கையால் படித்தேன்

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் மூன்று பாடங்கள்: உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். மூன்றில் அதிகம் அச்சுறுத்துவது முதலாவதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2020-இல் சட்டமான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் வழியாக அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தவள் நான். அந்தப் பாடத்தைக் கடந்த வழியை, இப்போது சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் எழுதி வைக்கிறேன். குறிப்பாக, ஆங்கிலப் புத்தகத்தின் கனத்தைப் பார்த்தே கலங்கி, அதை யாரிடமும் சொல்லாமல் விடுதி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதலில் தொடுங்கள், பிறகு படியுங்கள்.

எலும்பில் தொடங்குகிறேன். எங்கள் விடுதியில் எலும்புப் பெட்டி மூத்த மாணவிகளிடமிருந்து இளையவர்களுக்குக் கைமாறி வரும். எனக்குக் கிடைத்த பெட்டியிலிருந்து நான் எடுத்த முதல் எலும்பு கிளாவிக்கிள், அதாவது காறை எலும்பு. புத்தகத்தைத் திறக்கும் முன் அதை என் கழுத்தடியில் வைத்துப் பார்க்கச் சொன்னார் பக்கத்து அறை அக்கா. தடித்த முனை நடுமார்பை நோக்க வேண்டும். தட்டையான முனை தோளை நோக்க வேண்டும். பள்ளமுள்ள பரப்பு கீழே பார்க்க வேண்டும். உட்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரு தோளில் மட்டுமே ஒன்றாகப் பொருந்தும். மறு தோளில் வைத்தால் ஏதாவது ஒன்று முரண்டுபிடிக்கும். இடதா வலதா என்ற கேள்விக்கு அதற்குமேல் மனப்பாடம் எதற்கு?

பிறகு என் தோலின் மேலேயே விரலை ஓட்டிப் பார்த்தேன். முன்வளைவு முடிந்து பின்வளைவு தொடங்கும் இடம் விரலுக்கு நன்றாகவே தெரிந்தது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு இந்த எலும்பு பெரும்பாலும் முறிவது அந்த இடத்தை ஒட்டித்தான். கருவில் மற்ற எலும்புகளுக்கெல்லாம் முன்னதாக எலும்பாக மாறத் தொடங்குவதும் இதுவே. இந்தச் செய்திகளைப் பின்னர் புத்தகத்தில் படித்தபோது, ஆங்கில வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் எதைப் பற்றிப் பேசுகிறது என்று விரலுக்கே தெரிந்திருந்தது. 206 எலும்புகளையும் இப்படிப் பார்க்க நேரம் இருக்காது. கை, கால் எலும்புகளையும் மண்டையோட்டின் அடிப்பகுதியையும் மட்டுமாவது கட்டாயம் இப்படிப் பாருங்கள்.

டிசெக்‌ஷன் கூடத்தில், அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் அறையில், நுழையும் முன்பு எங்களை உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். மேஜையில் இருப்பவர் எங்கள் முதல் ஆசிரியர், அவரை மதிப்போடு நடத்துவோம், அவர் உடலைப் படம் எடுக்க மாட்டோம் என்று. சடங்குக்காகச் சொல்லும் வார்த்தைகள் அல்ல அவை. அந்த அறையில் ஒருவர் கேலியாகப் பேசினால் மற்றவர்கள் அப்போதே தடுக்க வேண்டும். எங்கள் மேஜையில் தடுத்தோம்.

உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் நெடிக்கு மூக்கு விரைவில் பழகிவிடும். கண் பழக அதைவிட நாளாகும். கான்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள். வெறும் வயிற்றோடு உள்ளே போகாதீர்கள். மயங்கி விழுகிறவர்களில் பலர் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள்தான்.

எங்கள் கூடத்தின் பெரிய சிக்கல் கூட்டம். ஒரு மேஜையைச் சுற்றி அத்தனை பேர் நின்றால், கத்தி பிடித்திருப்பவர் கற்றுக்கொள்கிறார், பின்வரிசையில் நிற்பவர் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்க்கிறார். ஆகவே முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் வெட்ட, ஒருவர் கையேட்டை உரக்க வாசிக்க, ஒருவர் தோலைப் பிடித்து விலக்க, நாள்தோறும் ஆளை மாற்றினோம். வாசிப்பது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தை உரக்கச் சொல்லவே கூசிய எனக்கு நாக்கு திருந்தியது அந்த முறையில்தான். அங்கே பல்லாண்டு பணிபுரியும் உதவியாளர் ஐயா ஒருவர் எங்களுக்குக் கற்றுத் தந்ததும் பெரிது: கூரிய முனையை நம்பாதீர்கள், கத்தியின் பிடியாலும் இடுக்கியின் மழுங்கிய முனையாலும் திசுவைப் பிரியுங்கள். கூரிய முனை தோலுக்கு மட்டும் போதும். அவர் சொன்னபடி செய்த மேஜைகளில் நரம்புகள் அறுபடாமல் வந்தன.

கைப்பகுதியில் எல்லோரும் அஞ்சுவது அக்குளில் உள்ள பிராக்கியல் பிளெக்சஸ் என்னும் நரம்புப் பின்னலுக்கு. கழுத்தின் ஐந்தாவது முதல் எட்டாவது வரையிலான தண்டுவட நரம்புகளும் மார்பின் முதல் நரம்பும் சேர்ந்து மூன்று தண்டுகளாகி, ஆறாகப் பிரிந்து, மீண்டும் மூன்று வடங்களாகக் கூடி, கடைசியில் ஐந்து முக்கிய நரம்புகளாகக் கைக்குள் இறங்குகின்றன. தாளில் வரைந்தால் ஒரே குழப்பம். உடலில் அப்படியில்லை. முதலில் அக்குள் தமனியைப் பிடியுங்கள். அழுத்தினால் தமனி குழாயாக அமுங்கி மீளும். சிரை தட்டையாகிக் கிடக்கும். நரம்பு கெட்டியாக இருக்கும், அமுங்காது. தமனிக்கு முன்னால் நரம்புகள் எம் என்ற ஆங்கில எழுத்தைப் போல நிற்பது தெரியும். அதன் நடுமுனையிலிருந்து இறங்குவது மீடியன் நரம்பு. அந்த எழுத்தின் வெளிக்கால் ஒரு தசையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனால் அது மஸ்குலோகியூட்டேனியஸ். உட்கால் அல்னார். இந்த மூன்றும் பிடிபட்டால் தமனிக்குப் பின்னால் இருக்கும் ரேடியல் நரம்பைத் தேடுவது எளிது. அங்கே ஒரு மாலை முழுக்கச் செலவழித்த பிறகு அந்தப் படத்தை வரைய எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

பக்கத்து மேஜையில் இன்னொரு பாடம் கிடைத்தது. மேற்கைத் தமனி முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரியும் என்பது புத்தகம். அந்த மேஜையில் இருந்தவருக்கு அது அக்குளுக்கு அருகிலேயே பிரிந்திருந்தது. புத்தகம் பெரும்பாலோரைச் சொல்கிறது. கத்தி பிடிக்கப்போகிறவர் தன் முன்னால் இருக்கும் ஒருவரைப் பார்க்க வேண்டும். எங்கள் பேராசிரியை அந்தத் தமனியைக் காட்ட எல்லா மேஜைகளையும் அங்கே அழைத்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த வகுப்பு அதுதான் என்பேன்.

கூடத்துக்கு வெளியே படிக்க உங்கள் உடலே போதும். மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலை இறக்கினால் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அதன் இருபுறமும் சேர்வது இரண்டாவது விலா. விலாக்களை எண்ணத் தொடங்க வேண்டியது அங்கிருந்துதான். முதல் விலா காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்படியே எண்ணிக்கொண்டு இறங்கினால் இடப்பக்கம் ஐந்தாவது இடைவெளியில் இதயத் துடிப்பு விரலைத் தட்டும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் உண்டாகும் குழியில் ரேடியல் தமனியின் துடிப்பு கிடைக்கும். அந்தக் குழியின் தரையில்தான் ஸ்கேஃபாய்டு எலும்பு. விழுந்த ஒருவருக்கு அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் அந்த எலும்பு முறிந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் கையை நானே இப்படித் தடவிப் படித்திருக்கிறேன்.

மொழியைப் பற்றி. நாங்கள் நான்கு தோழிகள் தமிழில் விவாதித்தோம், ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தோம். தமிழில் விளங்கிக்கொண்டதை ஆங்கிலத்தில் எழுதுவது, விளங்காததை ஆங்கிலத்தில் ஒப்பிப்பதைவிட எளிது. இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. 1860-களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூறியலைத் தமிழில் நூலாக்கினார், தமிழ் மாணவர்களை மருத்துவர்களாக்கினார். இதை அறிந்த நாளில் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது.

திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் படிக்கும் திசுவியலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய உருப்பெருக்கத்தில் முழுத் துண்டையும் முதலில் பாருங்கள். ரெக்கார்டு நோட்டில் இளஞ்சிவப்பு, ஊதாப் பென்சில்களால் நீங்களே வரையுங்கள், அடுத்தவர் படத்தைப் பார்த்து அல்ல.

கருவின் வளர்ச்சியைப் படிக்கும் கருவியலைத் தள்ளிவைக்காதீர்கள். குரல்வளைக்குப் போகும் மீள்நரம்பு இடப்பக்கம் மார்புக்குள் இறங்கி, மகாதமனி வளைவின் அடியில் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. வலப்பக்கத்திலோ காறை எலும்புக்கு அடியில் போகும் சப்கிளேவியன் தமனியைச் சுற்றி உடனே திரும்பிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? கருவில் இதயம் கழுத்தை ஒட்டி உருவாகிக் கீழே இறங்குகிறது. நரம்பு அங்குள்ள தமனி வளைவுகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கூடவே இறங்குகிறது. வலப்பக்கம் கீழ்வளைவின் ஒரு பகுதி மறைந்துவிடுவதால் நரம்பு மேலேயே நின்றுவிடுகிறது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மறக்காது; இடப்பக்க நுரையீரலில் கட்டி வந்த ஒருவருக்குக் குரல் ஏன் கம்முகிறது என்பதும் கூடவே விளங்கும்.

செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டர் என்பது மணியடித்தால் அடுத்த மேஜைக்கு நகரும் சோதனை. ஒரு தசையிலோ நரம்பிலோ நூல் கட்டியிருப்பார்கள். நூலைப் பார்க்கும் முன் எந்தப் பகுதி, எந்தப் பக்கம், எது மேல் எது கீழ் என்று பாருங்கள். அதன் பிறகு பெயர் தானாக வரும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கொடுத்தால் உடனே வாய் திறக்காமல், அதை உங்கள் உடலுக்குப் பக்கத்தில் சரியான நிலையில் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தது ஹியூமரஸ், அதாவது மேற்கை எலும்பு. பிடித்த விதத்தைப் பார்த்ததுமே வெளித்தேர்வாளர் இடமா வலமா என்பதைத் தாண்டி, எங்கே முறிந்தால் எந்த நரம்பு என்று கேட்கத் தொடங்கிவிட்டார். மேற்கழுத்தில் ஆக்ஸிலரி, நடுத்தண்டில் ரேடியல், முழங்கையின் உட்புடைப்புக்குப் பின்னால் அல்னார். விரலால் தொட்டுக்காட்டியே பதில் சொன்னேன்.

உடல் கொடை பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் கற்றது எல்லாம் சிலர் தந்த உடல்களில்தான். கொடுக்க விரும்புகிறவர் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விசாரித்து எழுத்துமூலம் ஒப்புதல் தரலாம். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும் சில தொற்றுநோய்கள் உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. உடலைத் தரும் முன்பு கண்களைத் தானம் செய்ய முடியும். ஒப்புதல் எழுதியதோடு நின்றுவிடாமல் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். மரணத்துக்குப் பின் கல்லூரிக்குத் தகவல் தர வேண்டியவர்கள் அவர்கள்தான், அவர்கள் மறுத்துவிட்டால் உங்கள் கையெழுத்து மட்டும் உதவாது.