டீசல் கம்மியர் படிப்பில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், நாமக்கல் வட்டாரத்தில் லாரிப் பட்டறை நடத்தும் என்னைப் போன்றவர்களிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பையனை ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் (கம்மியர்) பிரிவில் சேர்ப்பதா, அல்லது அந்தக் காலத்தை வீணாக்காமல் நேரே பட்டறையிலேயே வேலைக்கு விட்டுவிடுவதா என்பதே அது. ஐடிஐயில் சேருங்கள் என்றுதான் எப்போதும் சொல்லிவருகிறேன். நானும் அந்தப் படிப்பைப் படித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பட்டறையில் கை வேகம் வரும், துணிவு வரும், எந்தச் சத்தம் எதனால் வருகிறது என்ற காது ஞானமும் நாளடைவில் வரும். ஆனால் அளந்து பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் அங்கே தானாக வராது. ஏனென்றால், வெளியே ஒரு வண்டி சரக்கோடு நின்றுகொண்டிருக்கும்போது, ஒரு பையனை உட்காரவைத்து மைக்ரோமீட்டர் பார்க்கச் சொல்லித்தர எந்தப் பட்டறைக்காரருக்கும் நேரம் இருப்பதில்லை.

முதலில் படிப்பைப் பற்றிச் சில விவரங்கள். இதில் இரண்டு பிரிவுகள் உள்ளன: ‘கம்மியர் டீசல்’ ஓராண்டுப் படிப்பு, ‘கம்மியர் மோட்டார் வாகனம்’ ஈராண்டுப் படிப்பு. இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துப் பயணச் சலுகை ஆகியவையும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியே உண்டு. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறலாம்.

சேர்ந்த புதிதில் பிள்ளைகள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு வீடு திரும்புவார்கள். இன்ஜினைத் தொடலாம் என்ற ஆசையோடு போனவர்கள் கையில் ஓர் அரத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்து, நான்கு பக்கமும் செங்கோணமாக வரும்வரை ராவச் சொல்வார்கள். பிறகு ஹேக்சா, துளையிடுதல், மரை வெட்டுதல், வெர்னியர் காலிப்பர் என்று அது நீளும். ‘மெக்கானிக் படிக்கப் போனவனுக்கு இரும்பு ராவுகிற வேலை எதற்கு?’ என்று கேட்காத பெற்றோர் இல்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது ஓர் இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் அளவு. அந்த அளவைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலும் கருவியும் சேர்ந்துதான் அதை உணரப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தின் தொடக்கம் அரம் பிடிப்பதில்தான் இருக்கிறது.

இதன் பயன் எங்கே தெரியும் என்பதற்கு, ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுவதும் பிரித்துச் சரிசெய்ய, வரும் ஒரு லாரி இன்ஜினைப் பார்ப்போம். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்களை வெளியே எடுத்ததும், அளவு பார்க்கத் தெரியாதவர், பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான லைனரின் உட்புறத்தை விரலால் தடவி, மேலே ஒரு படி தட்டுப்பட்டால் ‘லைனர் செட் போட்டுவிடலாம்’ என்று சொல்லிவிடுவார். பயிற்சி பெற்றவர் உள்விட்டம் அளக்கும் போர் டயல் கேஜை உள்ளே இறக்குவார். பிஸ்டன் உச்சிக்குப் போகையில் அதைச் சுற்றியுள்ள வளையங்களில் மேல் ரிங் நிற்கும் இடம், நடுப்பகுதி, அடிப்பகுதி என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் கிராங்க் ஷாஃப்டுக்கு இணையாக ஒரு முறையும் குறுக்காக ஒரு முறையும் அளந்து எழுதுவார். மேல் ரிங் நிற்கும் இடத்தில்தான் வெப்பம் அதிகம், வாயு அழுத்தம் அதிகம், ஆயில் படலம் மெல்லியது. ஆகையால் தேய்மானமும் அங்கேதான் மிகுதி. ஒரே உயரத்தில் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசம் லைனர் எவ்வளவு முட்டை வடிவமாகிவிட்டது என்பதைக் காட்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு கூம்பாகிவிட்டது என்பதைக் காட்டும். அந்த எண்களைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட்ட பிறகுதான் ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, லைனரையும் மாற்ற வேண்டுமா என்பது முடிவாகும். தவணை கட்டி வண்டி ஓட்டும் ஒரு குடும்பத்தின் பணம் அந்தச் சில நிமிட அளவீட்டில் அடங்கியிருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

டேப்பெட் வைப்பதும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே சரியான இடைவெளி வைப்பதும், இதுபோன்றதே. நான்கு சிலிண்டர் இன்ஜினில் எரிவரிசை (சிலிண்டர்களில் டீசல் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால், நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒருசேர அசையும் நேரத்தில் முதல் சிலிண்டரின் வால்வுகள் முழுமையாக மூடியிருக்கும். அப்போது முதல் சிலிண்டருக்கு இடைவெளி வைக்கலாம். இரண்டாவதில் அசையும்போது மூன்றாவதற்கும், ஒன்றில் அசையும்போது நான்காவதற்கும், மூன்றில் அசையும்போது இரண்டாவதற்கும் வைக்க வேண்டும். பட்டறையில் இதை மனப்பாடமாகக் கற்றுக்கொள்ளலாம். ஏன் இப்படி என்று, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை வைத்து விளங்கிக்கொண்ட பிள்ளையோ, ஆறு சிலிண்டர் இன்ஜினை முதன்முதலாகப் பார்க்கும்போதும் 1-5-3-6-2-4 என்ற வரிசையை எழுதி வைத்துக்கொண்டு தானே வழி கண்டுபிடித்துவிடும்.

இனி, எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். என் தலைமுறை கற்றது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பைப்பில் பம்பே டீசலை அனுப்பும் இன்லைன் பம்ப் இன்ஜின். அதில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, வண்டியை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டாகத் தளர்த்துவோம். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றம் இல்லை என்றால் பழுது அங்கே இருக்கிறது என்று பொருள். இன்றைய காமன் ரயில் இன்ஜின்களில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ‘ரயில்’ என்ற குழாய்க்குள் இருக்கும் டீசலின் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அந்த இன்ஜினில் அதே நட்டைத் தளர்த்தினால், பீறிட்டு வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் இறங்கிவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் தெரியும். ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கும். உடனடியாக அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கையால் தடவித் தேடுவதிலும் அதே ஆபத்து உண்டு. பட்டறையில் மூத்தவர்களைப் பார்த்து மட்டுமே கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தப் பழைய முறைதான் முதலில் வந்து சேரும் என்பதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

காமன் ரயிலில் அதற்கு வேறு சோதனை இருக்கிறது. ஒவ்வோர் இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் வாயில் தனித்தனியாக ஒரு குழாயை மாட்டி, அளவுக் கோடிட்ட பாட்டில்களில் விட்டு, இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட வேண்டும். எந்தப் பாட்டிலில் டீசல் மற்றவற்றைவிட மிக வேகமாக ஏறுகிறதோ, அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. புதிய இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் மூலம் இசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பல வண்டிகளில் புகையும் நடுக்கமும் தொடரும். கைத்திறனும் மின்னணு அறிவும் ஒரே வேலையில் கலந்துவிட்ட காலம் இது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்தபின் இந்தக் கலப்பு மேலும் கூடிவிட்டது. சைலன்சர் இருந்த இடத்தில் புகைத்தூளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வினையூக்கியும், ஆட்புளூ தெளிக்கும் ஏற்பாடும் வந்து அமர்ந்துவிட்டன. ஆட்புளூ என்பது 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய நீரும் சேர்ந்த கரைசல். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் விலை உயர்ந்த அந்த வினையூக்கி பாழாகிவிடும். இதை ஓட்டுநருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவரும் மெக்கானிக்தான்.

ஆகவே, பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பு அந்த நிலையத்தின் பயிற்சிக் கூடத்தை நேரில் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நவீனமாக்கியிருக்கிறது. இது வரவேற்கத்தக்கது, உங்கள் ஊர் நிலையம் அதில் உண்டா என்று கேட்டு அறியுங்கள். ஆனால் கட்டடத்தையும் கணினியையும் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ‘இங்கே ஓடும் நிலையில் எத்தனை இன்ஜின் இருக்கிறது? அதைக் கடைசியாக எப்போது ஸ்டார்ட் செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். பெயின்ட் அடித்துக் குறுக்காக வெட்டி வைத்திருக்கும் மாதிரி இன்ஜின் முதல் மாதத்துக்கு நல்ல ஆசிரியர்; அதில் டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ‘ஏர் எடுத்து’ப் பழக முடியாது, புகையின் நிறத்தைப் பார்த்துப் பழுதைக் கணிக்க முடியாது. மாணவர்களே கழற்றி, மாணவர்களே பூட்டி, அவர்கள் கையாலேயே ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் ஒன்றாவது இருக்க வேண்டும். தரையில் ஆயில் கறையும், புகையை வெளியேற்றச் சன்னலுக்கு வெளியே போகும் ஒரு குழாயும் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று நம்பலாம். காமன் ரயில் இன்ஜினும் ஸ்கேனரும் இருக்கின்றனவா, ஸ்கேனர் பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா, மாணவர் கைக்கு வருகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

மின்சார வண்டிகள் வரும் காலத்தில் டீசல் படிப்பு எதற்கு என்ற கேள்வியையும் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். கார் வாங்குபவர்கள் மாறலாம், மாறியும் வருகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்து டாங்கர் லாரிகளும், திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுவதும் போகும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், டெல்டாவின் அறுவடை இயந்திரங்களும், நாகப்பட்டினம், தூத்துக்குடி விசைப்படகுகளும், மருத்துவமனைகளின் ஜெனரேட்டர்களும் இன்றும் டீசலில்தான் ஓடுகின்றன. இன்று சேரும் பிள்ளைக்கு நெடுங்காலம் வேலை இருக்கும் என்றே நான் கருதுகிறேன். மின்சார வண்டியிலும் கை வைக்க விரும்பும் பிள்ளைக்கு ஈராண்டு மோட்டார் வாகனப் பிரிவு பொருத்தமானது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியர் பாக்ஸைத் தோளில் தூக்கிய காலம் போய்விட்டது. செயின் பிளாக்கும் ஹைட்ராலிக் ஜாக்கும்தான் தூக்குகின்றன. நாசில் சோதனை, பம்ப் அளவீடு, ஸ்கேனர் வேலை ஆகியவற்றுக்குப் பொறுமையும் துல்லியமும் போதும். விருப்பமுள்ள மகளைத் தையல் பிரிவுக்குத் திருப்பிவிடாதீர்கள்.

படிப்பு முடிந்ததும், 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். போக்குவரத்துக் கழகப் பணிமனைகளும் வாகன உற்பத்தி நிறுவனங்களும் உதவித்தொகையோடு பழகுநர்களை எடுக்கின்றன. அது முடித்துத் தேர்வும் எழுதினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். முதல் சம்பளம் வருகிறதே என்று தொழிலுக்குத் தொடர்பில்லாத ஒரு வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிடாமல் இந்தக் கட்டத்தையும் முடிக்க வையுங்கள். என் பட்டறைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். பிறகு ஒரு பழைய லைனரையும் டயல் கேஜையும் கையில் கொடுத்து, அளந்து எழுதச் சொல்வேன்.