கருங்கல் வீட்டுக்கு ஒரு சிறிய இம்பாக்ட் டிரைவர்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் கதவுக்கீல் மாற்றுவது, கட்டில் சட்டத்தை இறுக்குவது, மாட்டுக் கொட்டகையின் தகர ஷீட்டுகள் காற்றுக்குப் பறக்காமல் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளை நானே செய்துகொள்வதால், திருகுகளை ஏற்றவும் கழற்றவும் உதவும், பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கினேன். எதைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தேன், கைக்கு வந்தபின் அது எப்படி வேலை செய்தது என்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைகளில் இம்பாக்ட் டிரில்லையும் இம்பாக்ட் டிரைவரையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் இரண்டும் வேறு. டிரில், முனையில் மாட்டிய பிட்டை முன்னோக்கி அடித்துச் சுவரைத் துளைக்கிறது. டிரைவரோ சுழலும் திசையிலேயே அடிக்கிறது. அதன் உள்ளே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு சுத்தியல் இருக்கிறது. திருகு எதிர்ப்புக் காட்டும்போது அது பின்வாங்கி, நழுவி, மறுபடி முன்னே வந்து பிட்டைத் தாங்கும் தண்டின் காதுகளில் மோதுகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் நிகழும் இந்த மோதல்களின் விசை திருகுக்குப் போகிறதே தவிர நம் மணிக்கட்டுக்கு அதிகம் வருவதில்லை. ஏணியில் நின்று ஒரு கையால் வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

கருங்கல் கிடைக்கும் மாவட்டம் என்பதால் எங்கள் பழைய வீட்டின் சுவர்களில் பாதி கல். அதில் துளையிட ரோட்டரி ஹாமர்தான் வேண்டும். மின்கம்பியுள்ள ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஆகவே, துளையும் போடும், திருகும் ஏற்றும் என்று விற்கப்படும் கூட்டுக் கருவிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து, பெட்டியின் மேல் அச்சடிக்கும் எண்கள். ஒரு லித்தியம் அயான் செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் முதல் கணக்கில் 18, இரண்டாம் கணக்கில் 21. எனவே 18 வோல்ட் என்றும் 21 வோல்ட் என்றும் விற்கப்படுபவை பெரும்பாலும் ஒரே வகை பேட்டரிகளே. சில மலிவுக் கருவிகளில் 48 என்றும் 88 என்றும்கூட எழுதியிருக்கிறது. அவற்றை வாங்குமுன் பேட்டரியின் முனைகளில், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கக் கேட்பது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

முறுக்கு விசையிலும் இதே மயக்கம் உண்டு. 18 வோல்ட் கருவிகள் 160, 180 நியூட்டன் மீட்டர் என்று சொல்லும்போது பாஷ், மகிட்டா போன்ற நிறுவனங்களின் 12 வோல்ட் வகைகள் பெரும்பாலும் 100 முதல் 135 வரையிலேயே நிற்கின்றன. ஆனால் 8.8 என்ற வலிமைத் தரமுள்ள எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை முறையாக இறுக்கவே சுமார் 25 நியூட்டன் மீட்டர் போதும். கீலின் திருகுக்கு அதில் சிறு பங்குகூடத் தேவையில்லை. வீட்டு வேலைக்கு எடை குறைவும், டிரிகரை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழலும் பணிவுமே முக்கியம் என்று முடிவு செய்து, மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத 12 வோல்ட் கருவியை எடுத்தேன்.

வேப்பமரக் கதவு நிலையில் கீல்களை மாற்றியது எளிதாக முடிந்தது. முற்றிய வேம்பில் மூன்று மில்லிமீட்டர் முன்துளை போடாமல் திருகு ஏற்றக் கூடாது. இல்லையென்றால் மரம் வெடிக்கும் அல்லது திருகின் தலை முறியும். இக்கருவியின் வாய் 6.35 மில்லிமீட்டர் அறுகோணத் தண்டை மட்டுமே பிடிக்கும் என்பதால், துளை பிட்டும் அதே தண்டோடு வாங்க வேண்டும். சாதாரண ஸ்டார் பிட்டுகள் இந்த அடியைத் தாங்குவதில்லை. இம்பாக்டுக்கென்றே நடுவில் மெலிதாக, சற்று முறுக்கிக்கொடுக்கும்படி செய்யப்பட்டவை நீடிக்கின்றன. மரத்தூள் பலகையில் செய்த அலமாரிப் பக்கம் மட்டும் இதை நான் கொண்டுபோகவில்லை. விசையைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் இதில் கிடையாது, அந்தப் பலகையில் புரி ஒருமுறை அறுந்தால் மறுபடி பிடிக்காது. அங்கே கை ஸ்க்ரூடிரைவரே போதும்.

கொட்டகைக் கூரையில்தான் கருவியின் குணம் முழுதாகத் தெரிந்தது. J எழுத்துபோல் வளைந்த பழைய ஜே போல்ட்டுகளின் துருவேறிய நட்டுகள், ஸ்பானருக்கு அசையாதவை, எண்ணெய் விட்டு ஊறவைத்தபின் சில நொடித் தட்டலில் கழன்றன. சில போல்ட்டுகள் முறிந்தும் போயின, அது துருவின் கணக்கு. தாமே துளையிட்டு ஏறும் புதிய செல்ஃப் டிரில்லிங் திருகுகளை எட்டு மில்லிமீட்டர் சாக்கெட்டில் மாட்டி இரும்பு ஆங்கிளில் ஏற்றும்போது வேறு பக்குவம் வேண்டியிருந்தது. திருகின் முனை வேகத்தாலும் அழுத்தத்தாலும் இரும்பை அறுக்கிறது, அடியால் அல்ல. எனவே சுத்தியல் விழத் தொடங்காதபடி நேராக அழுத்தி முனையை இரும்புக்குள் இறக்கி, புரி பிடித்தபின் டிரிகரைத் தளர்த்தி, கடைசியில் ஓரிரு தட்டல்களோடு நிறுத்தினேன். தலைக்கடியிலுள்ள ரப்பர் வாஷர் ஓரத்தில் இலேசாகப் பிதுங்கினால் போதும். நசுங்கிவிட்டால் நம் ஊர் வெயிலில் வெடித்து, அடுத்த மழையில் ஒழுகும். பெரிய கருவியாக இருந்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்துவது எனக்கு இன்னும் கடினமாகவே இருந்திருக்கும். தகரத்தின் மேல் சத்தம் இரட்டிப்பாகக் கேட்பதால் காதடைப்பான் இல்லாமல் இவ்வேலையைத் தொடக் கூடாது.

பேட்டரியைப் பொறுத்தவரை, இரண்டு ஆம்பியர் மணி அளவில் இரண்டு வைத்திருக்கிறேன். லித்தியம் செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்த அளவு எளிதில் எட்டும் என்பதால், வேலை முடிந்ததும் அவற்றைக் கல்சுவர் அறைக்குள் கொண்டுவந்து, சூடு ஆறியபின்பே சார்ஜரில் போடுகிறேன்.