மீன் கூடைதான் பரிசு

ஸ்காட்லாந்துல இருக்கிற எடின்பரா வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பக்கத்து வீட்டு தாத்தா கோல்ஃப் பையை தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கறார். ரிட்டயர்டு பஸ் டிரைவர் அவர். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் வேளச்சேரி பொண்ணு, அப்போ கிண்டி ரேஸ்கோர்ஸுக்குள்ள கோல்ஃப் ஆடிக்கிட்டு இருந்தாங்கன்னு தெரியும், ஆனா நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியா மதில் சுவர் மட்டும்தான்.

அடுத்த வாரம் என்னையும் கூட்டிட்டு போனார், பக்கத்து ஊர் மஸல்பராவுல இருக்கிற ஓல்ட் லிங்க்ஸ்ங்கற கோல்ஃப் மைதானத்துக்கு. பார்த்தா அதுவும் ரேஸ்கோர்ஸுக்குள்ளதான் இருக்கு! ஒம்பது ஹோல், அதாவது பந்தைப் போட வேண்டிய குழி, யார் வேணா காசு கட்டி ஆடலாம், ஒரு வேளை வெளிய சாப்பிடற செலவுதான் ஆச்சு. 1874ல இருந்து 1889 வரைக்கும் ஆறு தடவை, கோல்ஃப்ல ரொம்பப் பழைய பெரிய போட்டியான ஓப்பன் நடந்த இடம், அங்க சாதாரண ஷூ போட்டுக்கிட்டு நான் நிக்கறேன். கடலோர மணல் மேட்டுல முளைச்ச புல்லு, அதான் லிங்க்ஸ். ராத்திரி பூரா மழை பெஞ்சும் கால்ல சேறு ஒட்டல, ஆனா கடல் காத்து இருக்கே, அடிச்ச பந்தை எங்கயோ கொண்டு போயிடுது. அந்தக் காலத்துல பேர் போன மணல் குழி ஒண்ணுக்கு பாண்டின்னு பேராம், அதைக் கேட்டதும் வாசல்ல கோடு போட்டு ஒத்தைக் கால்ல தாண்டினதெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு.

ஆனா மனசுல அப்படியே ஒட்டிக்கிட்டது தாத்தா சொன்ன இன்னொரு விஷயம். 1811லயே இந்த ஊர் மீன்காரப் பொம்பளைங்களுக்குன்னு இங்க கோல்ஃப் போட்டி வெச்சிருக்காங்க. பரிசு என்ன தெரியுமா, ஒரு புது மீன் கூடை! நம்ம ஊர்ல மீன்காரம்மா கோல்ஃப் மைதானத்துக்குள்ள கால் வெச்சிருக்க முடியுமா? எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

ஏன்னா எங்க தெருவுக்கு ஒரு மீன்காரம்மா வருவாங்க. பசங்க கோலி ஆடுவானுங்க, என்னை மட்டும் சேத்துக்க மாட்டானுங்க. ஒரு நாள் அவங்க தண்ணி சொட்டச் சொட்ட கூடையை இறக்கி வெச்சாங்க, குதிகாலை ஊன்றி ஒரு சுத்து சுத்தி குழி பறிச்சாங்க, பசங்ககிட்ட கோலி வாங்கி விரலை வளைச்சு ஒரே அடி, நேரா குழிக்குள்ள. அப்புறம் கோலியை என் கையில குடுத்து "நீ ஆடு கண்ணு"ன்னாங்க.

மஸல்பராவுல அஞ்சாவது ஹோல்ல என் பந்து டொக்குன்னு விழுந்தப்போ அதே சத்தம்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு, எனக்கு இங்க பழகிடுச்சும்மா, நல்லா இருக்கேன்னு சொன்னேன். அதே மூச்சுல அந்த மீன்காரம்மா இன்னும் வர்றாங்களான்னு கேட்டேன். முட்டி வலியாம், இப்போ அவங்க மருமகதான் ஸ்கூட்டியில கொண்டு வர்றாளாம்.