கடும்புப்பாலை அளந்து பார்த்தல்: கன்னியாப் பக்கத்து ஆட்டுக்கொட்டில் குறிப்புகள்

ஜூலை 28

ஒன்பது ஆடுகளுக்கு மடி இறங்கிவிட்டது. குட்டி விழுந்த பிறகு, ஈன்றவுடன் வரும் பாலின் தரம் பார்க்கும் பிரிக்ஸ் மானியைத் தேடி ஓடுவதில் அர்த்தமில்லை. இன்றைக்கே எடுத்துத் துடைத்துப் பூச்சியம் பிடித்து வைத்தாயிற்று.

ஆட்டின் நஞ்சுக்கொடி நோயெதிர்ப்புப் புரதத்தைக் குட்டிக்குக் கடத்தாது. பிறந்த குட்டியின் இரத்தத்தில் அது இல்லை என்றே சொல்லலாம். கடும்புப்பால் ஒன்றுதான் வழி. (தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சீம்பால்.) அந்தப் பாலில் திடப்பொருள் எத்தனை வீதம் என்று பிரிக்ஸ் மானி காட்டும். ஈன்றவுடன் கறக்கும் பாலில் திடப்பொருளின் பெரும்பங்கு இந்தப் புரதம் என்பதால், எண் கூடினால் புரதமும் கூட என்று கொள்ளலாம். நேரடி அளவு இல்லை, ஆனால் கொட்டிலில் நின்று ஒரு நிமிடத்தில் பார்க்க இதைவிட நல்லது கிடையாது.

மானி வாங்கும்போது உள்ளே எழுதியிருக்கும் அளவுகோலைப் பாருங்கள். 0 முதல் 32 வரை உள்ளது வேண்டும். தேன் பார்க்கும் மானி 58 அளவில்தான் தொடங்கும், அதில் கடும்புப்பால் தெரியவே தெரியாது. இறால் வளர்ப்பவர்களிடமும் நிலாவெளி உப்பளப் பக்கமும் இருப்பது உப்பு அளக்கிற மானி. வெளியே பார்த்தால் அச்சொட்டாக இதே சாமான். இரவல் கேட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பூச்சியம் பிடிக்க: மூடியைத் திறந்து, கண்ணாடியில் பற்றரித் தண்ணீர் 2 துளி. காற்றுக் குமிழ் நிற்காமல் மூடியைச் சாய்த்து மூடவேண்டும். அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அது 0 இல் நிற்காவிட்டால் மேலே உள்ள சிறு திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். கிணற்றுத் தண்ணீர் எண்ணைப் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் இந்தப் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் விடும்.

ஓகஸ்ட் 1

11ஆம் இலக்க ஆடு, ஜமுனாபாரிக் கலப்பு, மூன்றாம் ஈற்று. விடிய 4.50க்கு இரண்டு மறிகள் (பெட்டைக் குட்டிகள்), 2.4 கிலோ, 2.1 கிலோ. 5.30க்குக் கறந்தது.

நேரத்தைக் குறிப்பது சும்மா இல்லை. ஈன்ற பிறகு மடியில் புதுப்பால் சுரந்து பழையதோடு கலக்கத் தொடங்கும், புரதம் ஐதாகும். ஒரு மணித்தியாலத்துக்குள் கறந்தால் நல்லது, இரண்டைத் தாண்டவே கூடாது.

மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஆட்டுக்கொரு துணியால் ஈரம் ஒற்றி, ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று பீய்ச்சலை வேறு கோப்பையில் விட்டுப் பார்த்தபின் கறந்தோம். திப்பியோ இரத்தமோ இல்லை. இரண்டு காம்பும் வற்றக் கறந்து, ஒரே பாத்திரத்தில் விட்டு, நுரை எழாமல் கரண்டியால் கலக்கி, அதிலிருந்துதான் துளி எடுக்கவேண்டும். காம்பிலிருந்து நேரே மானிக்குப் பீய்ச்சுவது கெட்ட பழக்கம். கடைசிப் பீய்ச்சலில் கொழுப்பு அதிகம், கோடு புகைமண்டலம் போலப் பரவும்.

640 மில்லிலீற்றர் வந்தது. மானியில் 24.

மாட்டுக்கு 22 என்பது பலருக்கும் மனப்பாடம். அது லீற்றருக்கு 50 கிராம் நோயெதிர்ப்புப் புரதம் என்ற கணக்கில் வந்த மாட்டு எண். ஆட்டுக்கு லீற்றருக்கு 20 கிராம் என்பதைக் கீழ்க்கோடாகப் பலர் கொள்கிறார்கள். மானியில் அது 19 அளவில் விழும். இந்தக் கொட்டிலில் கோடு 20. அதற்குக் கீழே வந்தால் முதல் ஊட்டலுக்குக் கொடுப்பதில்லை. 25க்கு மேலே வந்து மிஞ்சினால் உறைபெட்டிக்கு.

முதல் ஊட்டல் கிலோவுக்கு 50 மில்லி: 120உம் 105உம். இரண்டும் போத்தலில் தானாக உறிஞ்சின.

ஓகஸ்ட் 2

7ஆம் இலக்கம். பால் முட்டை மஞ்சட்கரு நிறம், விரலில் ஒட்டுகிற தடிப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் "முதல்தரம்" என்றார்கள். மானியில் 16.

காரணம் கொட்டிலிலேயே இருந்தது. ஈனுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே காம்பு சொட்டிக்கொண்டிருந்தது, படுத்த இடமெல்லாம் பால்கறை. சொட்டிப் போனதோடு நல்லதும் போய்விட்டது. ஈனுமுன்னே மடி கனக்கிறதே என்று பாவம் பார்த்துக் கறந்துவிடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். மஞ்சள் நிறத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நிறத்தை வைத்துப் புரதம் சொல்ல முடியாது. மறுபக்கம், மாலையில் ஈன்ற 3ஆம் இலக்கத்தின் பால் வெளிறித் தண்ணிபோல் இருந்தது, எண் 22.

ஊரில் இன்னொரு சோதனை உண்டு: கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்தால் திரண்டு கடும்பாக இறுகவேண்டும். புரதம் கூடினால் சூட்டில் திரளும் என்பது உண்மைதான். ஆனால் 16 உம் திரளும், 26 உம் திரளும். இது கடும்புப்பாலா வெறும்பாலா என்று பிரிக்க உதவும், தரம் சொல்ல உதவாது. சீனி போட்டு ஒரு கிண்ணம் கடும்பு சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் குட்டியின் முதல் நாள் கணக்கு முடியும்வரை பொறுக்கவேண்டும்.

7இன் குட்டிக்கு முதல் ஊட்டல் உறைபெட்டியிலிருந்து. இரண்டாம் ஊட்டலிலிருந்து தாய்ப்பால்.

ஓகஸ்ட் 5

கச்சான் (தென்மேற்கு உலர்காற்று) அடிக்கிறது. மதியம் கொட்டிலுக்குள் 35 பாகை. ஒரே பாலை இரண்டு முறை பார்த்ததில் 21, பிறகு 19.5. தகரக் கூரைக்குக் கீழே, தூணில் தொங்கிய மானி தொட்டால் சுட்டது. தன்னால் வெப்பத்தைச் சரிசெய்யும் என்று எழுதியிருக்கும் மானிகள் பெரும்பாலும் 10 முதல் 30 பாகை வரைதான் அதைச் செய்யும். அதற்கு மேலே சூடு ஏற ஏற எண் குறைந்து காட்டும். திருத்தம் இல்லாவிட்டால் 20 பாகையிலிருந்து 30க்குப் போகும்போது ஏறத்தாழ முக்கால் புள்ளி. மானியை வீட்டுக்குள் மண்பானைக்குப் பக்கத்தில் வைத்து, அங்கேயே பூச்சியம் பிடித்து, அங்கேயே அளப்பது என்று மாற்றியாயிற்று. பாலும் அறைச்சூட்டுக்கு இறங்கவேண்டும். இரண்டு துளி என்பதால் கண்ணாடியில் அரை நிமிடத்தில் இறங்கிவிடும்.

மிதவை மானி (பாலில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டுவது) பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது 20 பாகைச் சூட்டுக்கு என்று செய்த மாட்டுச் சாமான். அதை மிதக்கவிடவே கால் லீற்றர் அளவு பால் வேண்டும். தலைஈற்று ஆடு மொத்தமாகத் தருவதே சிலவேளை அவ்வளவுதான். வேண்டாம்.

ஓகஸ்ட் 6

மானியைப் பயன்படுத்தியவுடன் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். காய்ந்த பால் அடுத்த ஆட்டின் எண்ணில் சேர்ந்து வரும். வெந்நீர் ஊற்றினால் புரதம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும்.

ஓகஸ்ட் 9

2ஆம் இலக்கம் 27 காட்டியது, 900 மில்லி, ஒரே குட்டி. மிச்சம் சேமிப்புக்கு.

100 மில்லி அளவாகச் சிறு பைகளில் ஊற்றி, காற்றை நீக்கி, தட்டையாகப் படுக்கவைத்து உறையவிட்டோம். பையில் திகதி, ஆட்டின் இலக்கம், எண். தட்டையான பை சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். −18 பாகையில் ஆறு மாதம் தாராளம். வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டை நம்பாதீர்கள். கதவு திறந்து மூட, கரைந்து உறைந்து பாழாகும். நீண்ட மின்வெட்டில் இளகிப்போன பையைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

இளக்குவதற்கு 45 முதல் 50 பாகைத் தண்ணீர், ஆறினால் மாற்றவேண்டும். வெப்பமானி இல்லாமல் "கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு போதும்" என்று கைவைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஏழு கிணறும் ஏழு சூடு. 60ஐத் தாண்டினால் பால் தடிக்கத் தொடங்கும், புரதம் உருக்குலையும், பிறகு மானியில் எந்த எண் வந்தாலும் குட்டிக்குப் பயனில்லை. மைக்ரோவேவில் ஓரம் வெந்து நடு உறைந்தே கிடக்கும். கொடுக்கும்போது 39 பாகை.

ஓகஸ்ட் 12

இன்று ஒரு தலைஈற்று ஆடு: 210 மில்லி, எண் 20.5. எண் தேறியது, அளவு போதாது. இரண்டு குட்டிகள், சேர்த்து 3.6 கிலோ, முதல் ஊட்டலுக்கு 180, முதல் 24 மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 200 வீதம் 720. எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இந்த இடத்தில் குட்டியை இழக்கிறார்கள். கணக்கு எளிது: லீற்றருக்கு 20 கிராம் உள்ள பாலில் 120 மில்லி கொடுத்தால் 2.4 கிராம் புரதம் போகும். 40 கிராம் உள்ளதில் அதே 120 மில்லிக்கு 4.8. தரம் குறைந்தால் அளவு கூடவேண்டும், ஆனால் குட்டியின் வயிறு சின்னது, நேரமும் குறைவு. குடல் இந்தப் புரதத்தை முழுசாக உள்ளே விடுவது முதல் சில மணித்தியாலங்களில்தான். 12 மணித்தியாலத்தில் நன்றாகக் குறையும், 24இல் அநேகமாக மூடிவிடும். அதனால் 2ஆம் இலக்கத்தின் பை இரண்டை இளக்கி இடையில் கொடுத்தோம்.

ஓகஸ்ட் 15

எண் காட்டாதவை. அழுக்குக் கையால் கறந்த 26, துப்புரவாகக் கறந்த 21ஐவிட மோசமாகலாம். கிருமிகள் புரதத்தோடு ஒட்டி, குடலுக்குள் அது போவதையும் மறிக்கும். கறந்த பாலைக் கொட்டிலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக்கூடாது.

இன்னொன்று, எந்த நோய்க்கு எதிரான புரதம் என்பது. மூதூரிலோ கந்தளாயிலோ வாங்கி ஈனுவதற்கு ஒரு கிழமை முன் கொண்டுவந்த ஆட்டின் பால் 25 காட்டினாலும், அதில் இருப்பது அந்தப் பட்டியின் கிருமிகளுக்கு எதிரானது. குறைந்தது ஐந்தாறு கிழமை இங்கே நின்றிருக்கவேண்டும். துள்ளுமாரி (குடல் நச்சு நோய்), ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியை ஈனுவதற்கு 4 முதல் 6 கிழமை முன் போடுவதும் அது பாலில் வந்து சேரத்தான்.

முழங்கால் வீங்கி மெலிந்த ஆட்டின் பாலைச் சேமிப்பில் சேர்க்கவே வேண்டாம். மூட்டழற்சி வைரசு பால்வழியே குட்டிக்குப் போகும். சந்தேகமுள்ள பட்டியில் பாலை 56 பாகையில் ஒரு மணித்தியாலம் விடாமல் வைத்துக் கொடுப்பார்கள். வெப்பமானியைக் கண்ணெடுக்காமல் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஓகஸ்ட் 16

கடைசி ஆடு, 9ஆம் இலக்கம். முதல் கறவை 23. பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து அதே ஆடு 14. இரண்டாம் கறவையைச் சேமிப்புப் பையில் கலக்காதீர்கள். குட்டி 2.2 கிலோ, 110, 110, 100 என்று மூன்று தடவை குடித்திருக்கிறது. தார்போல் கறுத்த முதல் மலம் கழிந்து, இப்போது மஞ்சளாகப் போகிறது.