ஸ்டூடியோல இருங்கண்ணே

எங்க டிவி சேனல்ல அப்ப காமெடி ஷோ பண்ணிட்டிருந்த ஆங்கர் அண்ணன் கேட்டது ஒண்ணுதான். "தங்கச்சி, சித்திரைத் திருவிழால அழகர் வைகையில எறங்குறப்ப நான் ஆழ்வார்புரத்துல நிக்கிறேன், மைக்கு குடு." நான் சொன்னதும் ஒண்ணுதான். "ஸ்டூடியோல இருங்கண்ணே." இதுல என்ன இருக்கு, ட்யூட்டி போடுறவ நான், எந்த ஆங்கர் எங்க நிக்கணும்னு சொல்றதுதான் என் வேலையே. ஆனா எதிர்சேவை அன்னிக்கி, அதாவது அழகர் ஆத்துல எறங்குறதுக்கு மொத நாள் ராத்திரி, பிசிஆர்ங்குற கன்ட்ரோல் ரூம்ல நின்னுக்கிட்டு அவரு அடுத்து கேட்டதுதான் இன்னும் போக மாட்டேங்குது. "கூட்டத்துக்குப் பயப்படுறது நானா, நீயா?"

நான் உடனே 2022அ சொன்னேன். கொரோனால ரெண்டு வருஷம் ஜனமே இல்லாம திருவிழா நடந்து, அந்த வருஷம் மொத்தமா எல்லாரும் திரண்டு வந்து, அழகர் ஆத்துல எறங்குற நேரத்துல நெரிசல்ல ரெண்டு பேர் செத்துப்போனாங்க, மதுரைக்காரங்க யாருக்கும் மறக்காது. ரெண்டு காலும் நல்லா இருக்குறவங்களே தப்பிக்க முடியல, கால்ல காலிப்பர்ங்குற தாங்கி மாட்டிருக்குற மனுசன நான் எப்படி மணல்ல நிக்க வைக்கிறது? நான் சொன்னது நியாயம்தான். இப்பவும் நியாயம்னுதான் நெனைக்கிறேன்.

அவரு கேட்டுட்டு சிரிச்சாரு. "ஆத்து மணலு என்னைய ஒண்ணும் பண்ணாது தங்கச்சி. தெனமும் என்னைய சாவடிக்கிறது ஒன் ஸ்டூடியோ படிதான்." எங்க ஸ்டூடியோ ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது. பாதுகாப்பா இருக்கட்டும்னு நான் அவர உக்கார வச்ச எடம் அது.

அவரு ஷோ பாத்தவங்களுக்குத் தெரியும், அந்தக் காலிப்பர்ல முட்டிக்கு ரெண்டு பக்கமும் வளையம் இருக்கும், அத மேல தூக்குனாதான் கால் மடங்கும், சேர்ல உக்காரும்போது 'க்ளக்'னு ஒரு சத்தம். காலர் மைக்ல அது கேக்குதுன்னு சவுண்டுத் தம்பி புலம்புவான், அதனால கவுண்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உக்காந்துருவாரு. மொத வருஷம் கால் ஃப்ரேம்லயே வராது. இத நான் பண்ணலங்க, அவரே கேட்டது. "மொதல்ல சிரிக்கட்டும், அப்புறம் பாக்கட்டும்"னாரு. கோயில் கொடை, கல்யாண வீடுன்னு மிமிக்ரி பண்ண காலத்துல மேடை ஏறுறதப் பாத்தே முன்வரிசைப் பொம்பளைங்க உச்சு கொட்டுவாங்களாம், அதுக்கப்புறம் எந்த ஜோக்கும் எடுபடாதாம்.

ஆடம் ஹில்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியா காமெடியன் வீடியோவ அவருதான் எனக்குக் காமிச்சாரு. வலது பாதம் இல்லாமப் பொறந்தவரு, ஆரம்பத்துல ரொம்ப வருஷம் மேடையில அதப்பத்திப் பேசவே மாட்டாராம். ஏபிசி டிவியில 2005ல இருந்து 2011 வரைக்கும் ஒரு மியூசிக் க்விஸ் ஷோ நடத்துனாரு, அங்க அவரு காமெடியன், அவ்வளவுதான். 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் அப்ப சேனல் ஃபோர்ல 'தி லாஸ்ட் லெக்'னு ஆரம்பிச்சப்பதான் காலும் சேந்து டைட்டிலுக்கு வந்துச்சு. அலெக்ஸ் ப்ரூக்கர்னு இன்னொருத்தர், அவருக்கும் செயற்கைக்கால், இவங்ககிட்ட பாக்குறவங்க 'இதக் கேக்கலாமா'ன்னு கேள்வி அனுப்புவாங்க, இவங்க பதிலுக்குக் கலாய்ப்பாங்க. பாராலிம்பிக்ஸ் முடிஞ்சும் அந்த ஷோ நிக்கல, வருஷக்கணக்கா ஓடுது. "பாத்தியா, எப்ப காமிக்கிறதுன்னு அவன் முடிவு பண்ணிருக்கான்"னாரு அண்ணன்.

அத நான் சரியாதான் புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன். அவரு சொன்னப்ப மறைச்சோம், அவரு சொன்னப்ப காலும் தெரியுற மாதிரி வைட் ஷாட் வச்சோம். "மாரியப்பன் ரியோல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்கிட்டாரு, நான் இன்னும் பெரியார் பஸ் ஸ்டாண்டுல மொதப் படியத் தாண்டல"ன்னு அவரு சொன்னது வைட் ஷாட்லதான். ஃபோன்லயே சிரிச்சுத் தீத்தாங்க நேயருங்க. இவ்வளவு பண்ணவ ஒரு தடவ வேணாம்னு சொன்னா அது தப்பா?

இன்னொன்னு இருக்கு, சொல்லணுமான்னு தெரியல. நான் வேலைக்குச் சேந்த புதுசுல என்னைய எதிர்சேவைக்கு அனுப்ப மாட்டாங்க. "பொம்பளப் புள்ள, கூட்டம்"னு ஒரே வார்த்தை. தல்லாகுளத்துல மத்தவன் மைக் புடிச்சு நிக்க நான் மேல உக்காந்து ஸ்க்ரோல் அடிச்சுக்கிட்டிருப்பேன், வயிறு எரியும். சொன்னவங்களும் அக்கறையாதான் சொன்னாங்க. ஆனா இதுவும் அதுவும் ஒண்ணா? எனக்கு ஓட முடியும். ஒண்ணு இல்லைன்னுதான் எனக்குத் தோணுது, ராத்திரில மட்டும் வேற மாதிரி தோணும்.

சரி, காலையில லைவ். அழகர் கட்டிருக்குறது பச்சப் பட்டா செவப்பா என்னன்னு ஊரே பாத்துக்கிட்டிருக்கு, கோவிந்தா சத்தத்துல ரிப்போர்ட்டர் பேசுறது பாதி கேக்கல, தோப்பறைங்குற தோல் பையில பீய்ச்சுற தண்ணி லென்ஸ்ல பட்டு மங்கலா தெரியுது, ஸ்டூடியோவுக்கு வாங்கடான்னு கத்துனேன். அண்ணன் கேமராவப் பாத்து நிதானமா சொன்னாரு. "அழகரு மலையில இருந்து கெளம்பி வந்து ஆத்துலயே எறங்கிட்டாரு. நான் இருக்குறது ரெண்டாவது மாடி. என்னைய மட்டும் எறக்க மாட்டேங்குறாங்க."

கேமராமேன் சிரிச்சதுல ஃப்ரேம் ஆடிருச்சு. மொதல்ல சிரிச்சது நான்தான், டாக்பேக்ல, அதான் ஆங்கர் காதுக்குப் போற மைக்ல, என் சத்தம் அவரு காதுல விழுந்திருக்கும். அன்னிக்கி மதியத்துக்குள்ள அந்தத் துண்டு மதுரையில எல்லா க்ரூப்லயும் சுத்துது. ஓனர் ஃபோன் பண்ணி "வருஷா வருஷம் இதச் சொல்லச் சொல்லும்மா"ங்குறாரு.

ஜோக்குதான். ஜோக் மட்டும்தானான்னு அவருகிட்ட கேட்டிருக்கலாம், கேக்கல. கேட்டா "ஏன், ஒனக்கு சிரிப்பு வரலையா"ம்பாரு, வந்துச்சே. ஊனத்த வச்சு மட்டம் தட்டுற காமெடி வேற, அதப் புரிய வைக்கிற காமெடி வேறன்னு 2024ல சுப்ரீம் கோர்ட் ஒரு சினிமா கேஸ்ல சொன்னுச்சு. அதப் படிச்சப்ப எனக்கு இவரு ஞாபகம்தான். ஆனா இது ரெண்டுமே இல்லையே, அவரு காலக் கிண்டல் பண்ணல, ட்யூட்டி சார்ட்டக் கிண்டல் பண்ணாரு. அத யாரு எழுதுனதுன்னு ஸ்டூடியோல இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இப்ப வேற சேனல்ல இருக்காரு. அங்க தாராளமா வெளிய அனுப்புறாங்க, ஜிகர்தண்டா கடை, ஜல்லிக்கட்டு வாடிவாசல்னு எங்க வேணா. ஆனா அவரு நடந்து வர்றப்ப பின்னாடி ஒரு சோக வயலின் போட்டு, கீழ 'தன்னம்பிக்கை நாயகன்'னு ஸ்லைடு. ஜோக்கு முடிஞ்சதும் கைத்தட்டல் சத்தத்த எடிட்ல ஒட்டுறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. என் கைல இருந்தவரைக்கும் அந்த வயலின் ஒரு தடவகூட வந்ததில்ல. இதச் சொல்லி யாருகிட்ட மார்க் வாங்கப்போறேன்னும் தெரியல. அவரு ஆத்தங்கரைக்குப் போயிட்டாரு, நான் அனுப்பலையே.

போன வாரம் மெசேஜ் போட்டாரு. அந்த ஆத்துல எறங்குற க்ளிப் வேணுமாம், ஏதோ ஆடிஷனுக்கு ஷோரீல் கட் பண்றாராம், நம்ம லோகோ இல்லாத க்ளீன் ஃபீடா இருந்தா நல்லதாம். ஹார்டு டிஸ்க்ல தேடி எடுத்து அனுப்பிட்டேன். ஓனர்கிட்ட சொல்லல.